சுந்தரமூர்த்தியின் மேலுதடு

டின் ஃபேக்டரி பஸ் ஸ்டாப் அருகே வண்டிகள் நகராமல் நின்றிருந்த ஒரு காலை வேளையில், சுந்தரமூர்த்தி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். முன்னால் நின்ற கார் போய்விட்டது. எதிரே சாலை காலியாகக் கிடந்தது. பின்னால் அத்தனை ஹாரனும் அலறின. வைட்ஃபீல்ட் கம்பெனிக்குப் போகும் பதினேழு பேர் அந்த வேனில் இருந்தார்கள். முன் சீட்டில் இருந்த ரக்ஷிதா என்ற பெண்தான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணா! என்னாச்சுண்ணா? உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லம்மா. கண்ணு கொஞ்சம் அசந்துடுச்சு."

அது முதல் தடவையல்ல என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வருஷமாகவே தூக்கம் அவரை இப்படித்தான் வந்து அமுக்கியது. ராத்திரி எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும், மூட்டை சுமந்தவர்போல உடம்பு கனத்தது. ஐம்பத்திரண்டு வயதில், இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டியவர். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை.

ரக்ஷிதா புகார் எழுதவில்லை. அக்கறையாகத்தான் வண்டிப் பிரிவு மேனேஜர் நாகேஷின் காதில் போட்டாள். நாகேஷ் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"நோடி, பாருங்க சுந்தரண்ணா, உங்க மேல தப்புன்னு நான் சொல்லல. ஆனா வண்டில பதினேழு ஜனம் இருக்காங்க. டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் ஸ்டியரிங் பேடா, வேண்டாம். ஷெட்ல இருங்க."

ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் மணிக்கு நாற்பத்திரண்டு தடவை அவருக்கு மூச்சு நின்றது. டாக்டர் நிருபமா ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். மூக்கில் முகமூடி மாட்டிக்கொண்டு படுத்தால், மெஷின் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பித் தொண்டையை அடைபடாமல் வைத்திருக்கும். எத்தனை மணி நேரம் மாட்டினார், எவ்வளவு காற்று ஓரத்தில் கசிந்தது என்பதையெல்லாம் மெஷினே டாக்டருக்குச் சொல்லிவிடும். அந்தக் கணக்கு சரியாக வந்தால்தான் லெட்டர்.

மெஷினை மாட்டிக் காட்ட, கிளிஃபர்ட் என்பவர் ஜோகுபாளையத்து வீட்டுக்கு வந்தார். மூக்குக்கு மட்டும் ஒன்று, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது ஒன்று, மூக்குத் துளைகளில் செருகுவது ஒன்று என்று மூன்று முகமூடிகளைக் கட்டில்மேல் பரப்பினார். முதலாவதை மாட்டியதும், மீசைக்குள்ளிருந்து புஸ்ஸென்று காற்று சீறியது. இரண்டாவதில் தாடி வழியே கன்னத்தில் ஊதியது. மூன்றாவது ஒரு துளையில் நின்றது. இன்னொன்றில் நழுவி விழுந்தது.

"அங்கிள், முடிதான் பிரச்சனை. ரப்பர் தோல்ல ஒட்டணும். ஷேவ் பண்ணிட்டீங்கன்னா முடிஞ்சுது."

"அது மட்டும் ஆகாது தம்பி."

மகள் வீணாவுக்குக் கோபம் வந்தது. "தாடி முக்கியமா, உசுரு முக்கியமாப்பா?"

அவர் முகமூடியைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தார். என்னவென்று சொல்வது?

பிறக்கும்போதே அவருக்கு மேலுதடு பிளந்திருந்தது. ஒன்பது வயதில்தான் தைத்தார்கள். தையல் இழுத்ததில் உதடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. மூக்கின் இடது துளை சப்பையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முயலுக்குக் கன்னடத்தில் 'மொலா'. அதுதான் அவர் பெயர். வாத்தியார்கூட ஒரு நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டார். பதினேழு வயதில் மீசை வந்தது. தழும்பில் மட்டும் முடி முளைக்காது. அதனால் இரு பக்கமும் நீளமாக வளர்த்து அதன்மேல் சீவிவிட்டார். மீசை மட்டும் தனியாகத் தெரியாமலிருக்கத் தாடியும் வைத்தார். அடுத்த வருஷம் வேறு தெருவுக்குக் குடிபோனார்கள். அங்கே அவர் சுந்தரமூர்த்தி. பெண் பார்க்கப் போனதும் அந்த மீசையோடுதான். மனைவி அன்னம்மாளுக்கு மட்டும் விஷயம் தெரியும், கை பட்டுத் தெரிந்ததுதான். இருபத்தைந்து வருஷத்தில் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆகவே தாடியை வைத்துக்கொண்டே மெஷினோடு மல்லுக்கட்டினார். தாடியை ஒட்டக் கத்தரித்தார். முனை கூர்த்து, ரப்பர் முன்னைவிட அதிகமாக வழுக்கியது. பட்டையை இறுக்கினார். மூக்குத் தண்டில் புண் வந்தது. கசிந்த காற்று கண்ணில் அடித்துக் காலையில் கண் சிவந்து கிடந்தது. அன்னம்மாள் அவருடைய பழைய பனியனை வளையமாக வெட்டி முகமூடிக்கு அடியில் வைத்துத் தைத்தாள். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் வியர்வையில் நகர்ந்துவிட்டது. பாதித் தூக்கத்தில் அவரே முகமூடியைப் பிய்த்து எறிந்துவிடுவார். எறிந்தது காலையில்தான் தெரியும்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் நிருபமா கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். முழுக்கச் சிவப்புக் கோடுகள்.

"மெஷின் ஓடுது, காத்து உங்களுக்கு வந்து சேரல. இதை வச்சு நான் எப்படி லெட்டர் கொடுக்கறது, சொல்லுங்க?"

"நான் என்ன செய்யணும் மேடம்?"

"உங்களுக்கே தெரியும்."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். அன்னம்மாள் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ராத்திரி நீங்க மூச்ச நிறுத்துறப்போ நான் எண்ணிக்கிட்டே கெடப்பேன். இருபது வரைக்கும் வந்தா உலுக்குவேன். முந்தாநாள் நான் அசந்து தூங்கிட்டேன். எத்தன வரைக்கும் போச்சோ, எனக்குத் தெரியல." அவர் காலிலிருந்த செருப்பை அவளே கழற்றினாள். "எனக்கு எண்ண முடியலங்க."

மறுநாள் காலை சாமிநாதனின் சலூனுக்குப் போனார். இருபது வருஷமாக அவர் தாடியைத் திருத்துபவர் சாமிநாதன். மேலுதட்டுப் பக்கம் போகும்போது கத்தரியை நிறுத்திவிடுவார்; ஏனென்று கேட்டதில்லை.

"எல்லாத்தையும் எடுத்துடுப்பா."

சாமிநாதன் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். பிறகு போய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து கத்தியை எடுத்தார்.

முடிந்ததும் சுந்தரமூர்த்தி கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் அந்த ஒன்பது வயதுப் பையன் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் கதவைத் திறந்தது வீணா. ஒரு கணம் யாரோ என்று பார்த்தாள். பார்வை உதட்டுக்கு வந்தது; சட்டென்று விலகியது. "நல்லா இருக்குப்பா," என்றாள், ரொம்ப வேகமாக. கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு தடவகூடச் சொல்லல?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? காய நறுக்கு."

கை கழுவ வந்த சுந்தரமூர்த்தி அப்படியே திரும்பிப்போனார்.

மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி இப்போது முகத்தில் கவ்விக்கொண்டது. ஏழு மணி நேரம் தூங்கினார். குறட்டை கேட்காமல் அன்னம்மாள்தான் பயந்துபோய் நாலு தடவை எழுந்து பார்த்தாள். ஒரே வாரத்தில் தலைப்பாரம் விட்டது. கண் தெளிந்தது. தெளிந்த கண்ணுக்கு ஒவ்வொருவர் பார்வையும் துல்லியமாகத் தெரிந்தது. பால் பூத்காரர் பார்த்தார். ஷெட்டில் இருக்கிறவர்கள் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். தூக்கக் கலக்கத்தில் இதெல்லாம் உறைத்திருக்காது. முடி வளர்ந்தால் மறுபடி கசியும் என்பதால் தினமும் மழிக்க வேண்டியிருந்தது. வெளியே போகும்போது தூசிக்கென்று சொல்லி ஒரு துணி மாஸ்க்கைக் கட்டிக்கொண்டார்.

ஆறு வாரத்தில் லெட்டர் கிடைத்தது. நாகேஷ் சாவியைக் கையில் வைத்து அழுத்தி, "சந்தோஷ அண்ணா," என்றார். முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

முதல் நாள் காலை, கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு அம்மா வேனில் ஏறினார். நாலு வருஷமாகச் சுந்தரமூர்த்தியின் வண்டியில் வருபவர். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்துக் கேட்டார்.

"தாடி வச்ச டிரைவர் இருப்பாரே, அவரு வரமாட்டாரா?"

நான்தான் மேடம் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அடுத்து அவர் என்ன கேட்பார், இந்தத் துணியைக் கழற்ற வேண்டியிருக்குமா என்று நினைத்ததும் மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டார்.

"அவருக்கு வேற ரூட் போட்டுட்டாங்க."

"அடடா. நல்ல மனுஷன்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

இறங்கும்போது சொல்லிவிடலாம் என்று வைட்ஃபீல்ட் வரும்வரை நினைத்துக்கொண்டே ஓட்டினார். சொல்லவில்லை. சாயங்காலம் அதே வண்டியில் அந்த அம்மாவைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோதும் சொல்லவில்லை.