கணக்கில் வராத தே தாரேக்

தைப்பூசம் நெருங்கினால் என் கணவர் வேறு ஆளாகிவிடுவார். பாயில் படுப்பார், கோபப்பட மாட்டார், ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் சைவம். அந்த நாட்களுக்காக நானும் ஆவலோடு காத்திருப்பேன், முக்கியமாக அந்தக் கோபப்படாத சங்கதிக்காக.

அந்த வருடம் விரதம் தொடங்கும் முன்பே பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் எங்கள் டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சர்க்கரை இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான், காவடியும் கிடையாது. வெறுங்காலோடு பத்துமலை ஏறும்போது ஒரு கல் குத்தினாலும் புண் ஆறாது என்றார். வருடா வருடம் கன்னத்தில் அலகு குத்திக்கொள்ளும் மனிதர், அந்த மெல்லிய ஊசிக்கு வெளிறிப்போனார். கேட்டதற்கு, "அது சாமி குத்துறது, இது டாக்டர் குத்துறது லா" என்றார்.

எனக்குப் புண் என்ற சொல்தான் காதில் நின்றது. கிள்ளானில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கு அப்படி ஒரு புண்ணில்தான் கால் போனது. இவருக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயந்தே போனேன்.

விரதம் இருந்தால் சர்க்கரை தானாக இறங்கிவிடும் என்று நாங்கள் இருவருமே நம்பினோம். பாதி விரதத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், ஏறியிருந்தது.

என்னதான் உள்ளே போகிறது என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். அந்த ஒரு வேளைச் சாப்பாடு போக பாலும் பழமும்தான் என்றார் இவர், பெருமையாக. விசாரித்ததில் அந்தப் பால் காலையில் தே தாரேக் என்ற பால் டீ, மாலையில் சிரப் பண்டோங் என்ற ரோஜா சிரப் கலந்த பால். பழத்தில் கோயில் பஞ்சாமிர்தமும் சேர்த்தி. பால், பழம் விரதத்தை முறிக்காது என்பது எங்கள் ஆட்களின் சட்டம். அது டின் பால், அதில் பாதி சீனி என்பதையெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். சாப்பாடு நின்றதும் உடம்பு முதலில் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுக்கும், பிறகு கல்லீரல் சேர்த்துவைத்ததை. அது தீரத் தீரத்தான் கொழுப்பில் கைவைக்கும். டப்பாவில் அரிசி இருக்கும்போது யார் மூட்டையைப் பிரிப்பார்கள்? இனிப்பாக ஒரு கிளாஸ் உள்ளே போனாலே டப்பா மறுபடி நிரம்பிவிடும்.

"நீங்க விரதம் இருக்கீங்க அங்கிள். உங்க உடம்பு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார். தலை சுற்றினால் விரதம் என்று பார்க்காமல் உடனே ஏதாவது சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அன்று முதல் இவருக்குத் தண்ணீர், இல்லையென்றால் சீனியும் பாலும் இல்லாத வெறும் டீ, தே ஓ கோசோங். முதல் வாரம் கோபப்படாத விரதம் மட்டும் முறிந்துபோனது. போகப் போக முகம் தெளிந்தது, வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. ஊசி இப்போதைக்கு வேண்டாம், காவடிக்குப் பதில் பால்குடம் எடுக்கலாம் என்றார் டாக்டர். மலை இறங்கியதும் பாதத்தை நன்றாகப் பார்க்கும்படி என்னிடம் தனியாகச் சொன்னார்.

பூசத்தன்று இவர் படியிறங்கி வந்ததும், ஓரமாக உட்காரவைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவினேன். பக்கத்தில் நின்ற ஓர் ஆன்டி, "எவ்ளோ பக்தி பாரு" என்று தன் மகளிடம் சொன்னார். நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் புண் தேடிக்கொண்டிருந்தேன். எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு முருகா என்று கும்பிட வந்தது.