ரொசின் பூசாத வில்

நானும் மகளும் பஸ்ஸில் வாய் திறக்காதவர்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் தரிப்பிடத்தில் வேறு யாராவது இறங்கினால் கூடவே இறங்குவோம். இல்லாவிட்டால் அடுத்ததில் இறங்கி வெயிலில் திரும்பி நடப்போம். என் கூச்சம் அவளுக்கும் வந்துவிட்டதே என்று எனக்குள் கவலை.

அவளை வெள்ளவத்தையில் வயலின் வகுப்புக்கு விட்டேன். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து திரும்பும்போது, வயலின் பெட்டியை மடியில் வைத்திருந்தவள் திடீரென்று எழுந்து, "அய்யே, பஹினவா!" என்று, இறங்க வேண்டும் என்பதைச் சிங்களத்தில் கத்தினாள். பஸ் நின்றது.

"அம்மா, கத்தினது நான்தான்!" என்று ரோட்டில் நின்று சிரித்தாள். அன்று முதல்முறையாக ஒரு கீதத்தைத் தடக்காமல் வாசித்திருந்தாளாம். அதன் பிறகு எங்கே போனாலும் பஸ்ஸை நிறுத்துவது அவள்தான்.

நவராத்திரிக்கு வகுப்பின் வாணி விழா வந்தது. மேடைக்குப் பின்னால் அவள் தலைப்பூவைச் சரிசெய்துகொண்டு நின்றேன். திரை திறக்கப் போகும் நேரம் டீச்சர் வந்து அவளுடைய வில்லை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தார்.

"பிள்ளை, இண்டைக்கு இதால வாசியும். புதுசு."

"எனக்கு மட்டுமா, டீச்சர்?"

"ஓம், உமக்கு மட்டும்தான்."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் ஓடிப்போய் முன்வரிசையில் இருந்து போனில் வீடியோ எடுத்தேன். பாட்டுத் தொடங்கிச் சிறிது நேரத்தில் அவள் தலை குனிந்தது. கை மட்டும் மற்றவர்களோடு போய் வந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் டீச்சரிடம் ஓடினாள். "டீச்சர், வில்லுக்கு ரொசின் பூச மறந்திட்டீங்கள். சத்தமே வரேல்ல."

"மறக்கேல்லயம்மா. உமக்குச் சுருதி விலகும். மற்றப் பிள்ளையளும் குழம்பிடுவினம். நீர் நிண்டாலே வரிசை வடிவுதானே."

பக்கத்தில் நின்ற ஒரு தாய் என் கையைப் பிடித்தார். "இது எல்லா விழாவிலயும் செய்யிறதுதான் அக்கா. என்ர மூத்தவளும் அப்பிடி நிண்டவள்."

டீச்சர் வாங்கி வைத்திருந்த அவளுடைய வில்லை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

வீட்டில் அவளுடைய பழைய வில்லுக்கு நானே ரொசின் பூசி நீட்டினேன். "இப்ப வாசியன். நான் கேக்கிறன்."

"நீங்கள் அம்மா. எப்பிடி வாசிச்சாலும் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுவீங்கள்."

பெட்டியை மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். பிறகு வகுப்புக்குப் போகவில்லை.

போன கிழமை அவளுக்குச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தோம். எங்கள் தரிப்பிடம் நெருங்கியது. ஒருவரும் எழும்பவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நிற்காமல் போனது.