உத்தமபாளையத்தில் கதம்பம் இல்லை

உத்தமபாளையத்தில் பஸ்ஸை நிறுத்தி, கொதிக்கும் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். உடம்பெல்லாம் புழுதி. இறங்கி நிற்கிறேன். புளியமரத்தடியில் ஒரு பூக்காரி கனகாம்பரம், மல்லிகை, மரிக்கொழுந்து மூன்றையும் தனித்தனிச் சரமாகக் கட்டி வைத்திருக்கிறாள்.

"கதம்பம் இல்லையா அக்கா?"

"கட்டக் கூடாதுன்னுட்டாக தாயி." எதிரே நிற்கும் போலீஸ்காரரைக் கண்ணால் காட்டுகிறாள். "காவி, வெள்ளை, பச்சை சேந்தா சுயராஜ்யக் கொடியாம். கொடிக்குத் தடை போட்டதுலருந்து இதே ரோதனை. நேத்து ஒரு கூடைப் பூவ ரோட்டுல கொட்டி மிதிச்சாக."

"கோயிலுக்கு?"

"ஆத்தாளுக்கும் வெறும் மல்லிதான். அவளே பயந்துபோயி உக்காந்திருக்கா." சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "மூணையும் தனித்தனியாக் கொண்டு போங்க. வீட்டுல போயி சேத்து வச்சுக்கங்க."

வாங்கிக்கொண்டு ஏறுகிறேன். பஸ் சின்னமனூரைத் தாண்டுகிறது. இங்கே போலீஸ்காரர் யாரும் இல்லை. பக்கத்தில் இருப்பவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். மூன்று இலைப் பொட்டலங்களையும் பிரிக்கிறேன். மல்லிகையை மட்டும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பழையபடி மூடிவிடுகிறேன்.