வெள்ளை நாய்தான் வேண்டும் என்று எழுதினேன்

போன ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பிலிருந்து ஒரு நண்பர் பஸ் பிடித்து ராஜபாளையம் வந்தார். மாந்தோப்பு வைத்திருப்பவர். கையில் வழக்கமான மாம்பழப் பை இல்லை. அதற்குப் பதில் வழுவழுப்பான ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை.

உட்கார்ந்ததும் ஒரு பக்கத்தைப் பிரித்தார். புல்தரையில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் நின்றுகொண்டிருந்தது. கீழே ஒரு விலாசம்.

"சார், இந்த அட்ரஸுக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதித் தரணும். குட்டி ஒண்ணு வரவழைக்கப் போறேன். போட்டோவப் பாருங்க... எம்புட்டுக் களையா இருக்கு!"

களையாகத்தான் இருந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"உங்க ஊர்ச் சந்தையில கத்தரிக்காய எப்படி வாங்குவீங்க?"

"அமுக்கிப் பாத்துத்தான்."

"இத எப்படி அமுக்கிப் பாப்பீங்க?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே மாதிரி லெட்டரை ஏற்கெனவே ஒரு தடவை எழுதி, மாட்டிக்கொண்டு முழித்தவன் நான். 'எழுதித் தாரேன், முதல்ல இதைக் கேளுங்க' என்று அவரிடம் சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். சரக்கெல்லாம் வெளிநாட்டுக்குப் போகும். லெட்டர் அடிப்பது என் வேலை. மொதலாளி தமிழில் சொல்வார், கொஞ்சம் கோபம் வந்தால் தெலுங்கில் சொல்வார், நான் இரண்டையும் மரியாதையான இங்கிலீஷில் அடிப்பேன்.

மொதலாளிக்கு நாய் என்றால் உயிர். வீட்டில் நாலு ராஜபாளையம் நாய்கள் உண்டு. அப்படிப்பட்டவர் மெட்ராஸ் போன இடத்தில், யார் வீட்டிலோ ஒரு பாக்ஸர் நாயைப் பார்த்துவிட்டார். சப்பை மூக்கு, அகன்ற நெஞ்சு, பயில்வான் மாதிரி ஒரு நடை. அவ்வளவுதான், ஊருக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். இங்கிலாந்தில் பாக்ஸர் குட்டி விற்கிற ஒரு அம்மாளின் விலாசம் எப்படியோ கிடைத்திருந்தது.

"எழுதுப்பா. பாக்ஸர். ஆண் குட்டி. முழு வெள்ளை. ஒரு புள்ளிகூட இருக்கப்படாது. மூக்கு ரோஸா இருக்கணும்."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊர் நாயில் பால் வெள்ளையும் ரோஸ் மூக்கும்தான் உசத்தி. கலர் கலந்த குட்டி பிறந்தால் அதைப் பற்றிப் பேசக்கூட மாட்டோம். அதனால் உலகத்தில் எந்த நாய்க்கும் இதுதான் சட்டம் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். பாக்ஸரில் பழுப்புதான் முறையான நிறம், வெள்ளை ஒரு குறை என்பது மொதலாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த அம்மாளுக்குத் தெரியும். ஒழுங்காகப் பதிலும் எழுதினார். 'எங்கள் இனத்தில் வெள்ளைக் குட்டிகளை நாங்கள் கண்காட்சிக்குக் கொண்டுபோவதில்லை. பழுப்பில் அருமையான குட்டிகள் இருக்கின்றன. யோசித்துச் சொல்லுங்கள்.'

படித்துச் சொன்னேன். மொதலாளி தொடையில் தட்டினார்.

"பாத்தியா? நல்லத வெளிய காட்ட மாட்டேங்கா! கண்ணு பட்டுரும்லா? அதான் பழுப்பத் தள்ளிவிடப் பாக்கா. வெள்ளைதான் வேணும்னு அடிச்சு எழுது."

அடித்து எழுதினேன். டைப்ரைட்டர் ரிப்பனில் பாதி சிவப்பு — 'வெள்ளை மட்டும்' என்பதைச் சிவப்பிலேயே அடித்தேன்.

இரண்டாவது பதில் நீளமாக வந்தது. குட்டியின் போட்டோ, தாத்தா பாட்டி வரைக்கும் பேர் எழுதிய சர்ட்டிபிகேட், சாப்பாட்டு லிஸ்ட்... கடைசிப் பாராவில், வெள்ளைக் குட்டிகளுக்குச் சில குறைகள் இருக்கலாம், அதற்குத் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று எழுதியிருந்தார். அதை நான் மொதலாளிக்குப் படித்துக் காட்டவில்லை. எக்ஸ்போர்ட் லெட்டர்களில் கடைசிப் பாரா எப்போதும் இப்படித்தானே இருக்கும்? சரக்குக்குப் பொறுப்பில்லை என்று நாங்களே எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறோம்! அந்தப் பாராவைத் தாண்டினேன். என் தப்பு அங்கேதான்.

பர்மிஷன், தடுப்பூசிப் பேப்பர், கஸ்டம்ஸ் என்று மாதங்கள் ஓடின. ஒருவழியாகக் குட்டி மெட்ராஸில் பிளேன் விட்டு இறங்கி, கம்பெனிக் காரில் ராஜபாளையம் வந்து சேர்ந்தது. பாதி ஊர் வாசலில் நின்றது. கார்க் கதவு திறந்ததும் எல்லோரும் பார்த்தது மூக்கைத்தான்.

மூக்கு பாதி ரோஸ், பாதி கறுப்பு.

"பரவால்ல மொதலாளி, நம்ம ஊருத் தண்ணி பட்டா மிச்சமும் ரோஸாயிரும்" என்றார் டிரைவர்.

மொதலாளிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "பாக உந்தி, பாக உந்தி!" என்று தெலுங்குக்குப் போய்விட்டார். நல்லா இருக்காம். சர்ட்டிபிகேட்டில் ஒரு முழ நீளத்துக்குப் பேர் இருந்தது. நாங்கள் வெள்ளைத்துரை என்று வைத்தோம். ஒரு வாரத்தில் அது துரை ஆயிற்று.

துரையின் தைரியத்தைப் பற்றி ஊரே பேசியது. கம்பெனிச் சங்கு ஊதினால் மற்ற நாய்கள் சேர்ந்து ஊளையிடும், துரை அசையாது. தீபாவளிக்கு நாலு ராஜபாளையம் நாய்களும் கட்டிலுக்கு அடியில். துரை மட்டும் முற்றத்தில் மல்லாந்து தூங்கியது. பக்கத்திலேயே சரம் வெடித்தது.

"பாருலே, அசையுதானு! சீமை நாய்னா சீமை நாய்தாம்!"

நானும் "ஆமா மொதலாளி" என்றேன். சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன சொல்வான்?

பங்குனி வெயில் வந்தது. சப்பை மூக்கு நாய்க்கு எங்கள் ஊர் வெயில் எப்படி ஒத்துக்கொள்ளும்? நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. ஃபேன் வைத்தோம், ஈரச்சாக்கு விரித்தோம், கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாட்டு டாக்டரை வரவழைத்தோம். அவர் நெஞ்சைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். அப்புறம் பின்னால் போய் நின்று இரண்டு முறை கை தட்டினார். துரை திரும்பவில்லை.

"குட்டி வந்தப்ப தட்டு போட்டுப் பாத்தீங்களா?"

எங்களுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ராஜபாளையம் குட்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் அதைச் செய்வார்கள். குட்டிக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவார்கள். வெள்ளைக் குட்டிகளில் சிலதுக்குக் காது கேட்காது, அதற்காகத்தான். தெருவில் வாங்குகிற குட்டிக்குச் செய்கிற காரியத்தை, பிளேனில் வந்த குட்டிக்குச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. சீமையிலிருந்து வந்ததைச் சந்தேகப்படுவதா? நாய்க்குப் பேர்போன ஊர்க்காரனைப் பார்த்துப் பால்கோவா ஊர்க்காரர் கேட்கிறார்!

மொதலாளி உள்ளேயிருந்து ஒரு தட்டை எடுத்து வந்து அவரே போட்டார். மறுபடி எடுத்துப் போட்டார். மூன்றாவது தடவை போடும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கடைசிப் பாரா என் நெஞ்சுக்குள் நின்றது. அன்று சாயங்காலம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "படிச்சிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்ப்பா" என்றார்.

திருப்பி அனுப்பவா முடியும்? கம்பெனி முற்றத்தில் விட்டார்கள். அங்கே ஒரு நாள் லாரி ரிவர்ஸில் வந்தது. ஹார்ன் அடித்தார்கள், கத்தினார்கள், துரை நடுவில் படுத்தே இருந்தது. ஒரு சாண் இடைவெளியில் டிரைவர் பிரேக் போட்டார். அதற்குப் பிறகு அதைத் தறி ஷெட்டுக்குள் ஒரு தூணில் கட்டிப் போட்டார்கள்.

தறி ஷெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? தடதடவென்று நாற்பது தறிகள். உள்ளே நுழைந்தால் நம் குரலே நமக்குக் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்க்கிறவர்கள் கையால்தான் பேசுவார்கள். கட்டை விரலை வாயருகே காட்டினால் டீ. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது. மீசையை முறுக்குவது மாதிரிக் காட்டினால் மொதலாளி வருகிறார்!

துரையைக் கட்டிய தூணுக்குப் பக்கத்துத் தறி பேச்சியக்காவுடையது. பேச்சியம்மாள் — வயது நாற்பதுக்கு மேல், ஷெட்டிலேயே சீனியர். எல்லோரிடமும் கத்திக் கத்திப் பேசுவார், ஆபீஸ் பக்கம் வந்தாலும் அப்படித்தான். அந்தக்கா மற்றவர்களிடம் பேசுகிற மாதிரியே துரையிடமும் கையால் பேசினார். உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினால் உட்காரும். விரலை மடக்கினால் வரும். கையை விரித்து ஆட்டினால், தறி ஓடுகிற இடத்துக்குள் மூக்கை நுழைக்காது. ஒரு மாதத்தில் கயிறே தேவைப்படவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு தூக்குச்சட்டிக்கும் போய்க் கவுரவமாக ஒரு வாய் வாங்கிக்கொள்ளும்.

மொதலாளியிடம் சொன்னேன். "துரை கை காட்டினா எல்லாம் செய்யுது மொதலாளி."

"கள்ளன் கை காட்டிட்டா வருவான்?" என்றார். "காவலுக்கு ஆவாது. வெளிய விட்டா ஏதாவது லாரில அடிபட்டுத்தான் சாகும். அத நான் பாக்கணுமா? டாக்டர்ட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கிழம வேண்டாம், வியாழக்கிழம வாராரு."

குரலில் கடுமை இல்லை, வருத்தம்தான் இருந்தது. ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் தர்மம் என்று அவர் நம்பினார்.

வியாழக்கிழமை டாக்டர் பெட்டியோடு வந்தார். மொதலாளி, டாக்டர், நான் மூவரும் ஷெட்டுக்குள் நுழையவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. நாற்பது தறிகளும் நின்றன. அந்த அமைதியில் எங்கள் செருப்புச் சத்தம் பெரிதாகக் கேட்டது. துரை பேச்சியக்காவின் காலடியில் படுத்திருந்தது.

"பேச்சி, அந்த நாயப் பிடிச்சுக் குடு. டாக்டர் ஊசி போடணும்."

"எதுக்கு மொதலாளி?" அக்காவின் சத்தம் தகரக் கூரையில் போய் மோதியது. "யாரையும் கடிச்சுதா?"

"கடிக்கல. காது கேக்க மாட்டேங்கு. கேக்காத நாய வச்சு என்ன செய்ய?"

பேச்சியக்கா மொதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னார் — மெதுவாக என்று அவர் நினைத்துக்கொண்டு.

"இந்தத் தறிகிட்ட பதினெட்டு வருசமா நிக்கேன் மொதலாளி. எனக்குந்தான் கேக்க மாட்டேங்கு. நீங்க இப்ப சொன்னதயும் வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிட்டேன். டாக்டரு எனக்கும் ஒரு ஊசி கொண்டாந்துருக்காகளா?"

அந்தக் கம்பெனியில் எனக்கு அப்போது ஆறு வருஷ சர்வீஸ். பேச்சியக்கா ஏன் கத்திப் பேசுகிறார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. திமிர் என்றுகூட நினைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மொதலாளி மற்ற தறிகள் பக்கம் திரும்பினார். பிறகு, "வேற யாருக்கெல்லாம்மா கேக்காது?" என்றார்.

பதில் இல்லை. பலருக்கு அந்தக் கேள்வியே கேட்டிருக்காது. பேச்சியக்கா திரும்பி, காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினார். முதலில் ஒரு கை உயர்ந்தது. அப்புறம் அங்கொன்று, இங்கொன்று... எண்ணிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

டாக்டர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "நான் மாட்டு டாக்டருங்க. இவங்களுக்கு ஒரு மனுஷ டாக்டரைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். துரை அதே ஷெட்டில் பேச்சியக்காவின் சோற்றில் பங்கு கேட்டுக்கொண்டு ஏழு வருஷம் இருந்தது.

அடுத்த வாரம் மேஸ்திரி ஒவ்வொரு தறியாகப் போய், காதில் அடைத்துக்கொள்ளச் சொல்லிப் பஞ்சு கொடுத்தார். பேண்டேஜ் துணியோடு ஆஸ்பத்திரிப் பஞ்சும் பெட்டி பெட்டியாக வெளிநாட்டுக்கு ஏற்றிய கம்பெனி அது. குடோனுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். அதைத் தாண்டிப் பஞ்சு உள்ளே வர, இங்கிலாந்திலிருந்து ஒரு செவிட்டு நாய் பிளேன் ஏறி வர வேண்டியிருந்தது!