ஏழுமலை மூடிவைத்த கம்ப்யூட்டர்

இன்று காலை பிரவுசர் திறக்கவில்லை. அமுக்கினால், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடும் பெண் மாதிரி, ஒரு நொடி முகம் காட்டிவிட்டு மறைந்துவிடுகிறது. காரணத்தைத் தேடிப் பார்க்கலாமென்றால் தேடுவதற்கும் அதே பிரவுசர்தான் வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு போன் செய்தேன்.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களாப்பா?"

"மூணு தடவை."

"கேஷ் கிளியர் பண்ணீங்களா?"

"அது தொறந்தாதானேம்மா கிளியர் பண்றதுக்கு?"

அவள் பெருமூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது. அப்புறம் அவளே அங்கிருந்து என் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எதையோ எடுத்தாள், எதையோ போட்டாள். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. எதனால் கெட்டது என்று கேட்டேன். "யாருக்குப்பா தெரியும்?" என்றாள்.

மறுபடி இப்படி ஆனால் என்ன செய்வதென்று அவள் சொல்ல ஆரம்பித்ததை எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவுக்காக டிராயரை இழுத்தபோது பேத்தி விட்டுப்போன ரப்பர் கையில் அகப்பட்டது. அழிப்பதற்கென்று இல்லாமல் மோந்து பார்ப்பதற்கென்றே விற்கிறார்களே, அந்த ஜாதி. நானும் மோந்து பார்த்தேன். மகள் மறுமுனையில் பேசிக்கொண்டே இருந்தாள். நான் மரக்காணத்துக்குப் போய்விட்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. மரக்காணம் கடைத்தெருவில் ரஹீம் பாய் ஒரு ஜாப் டைப்பிங் சென்டர் வைத்திருந்தார். கல்ஃபிலிருந்து மற்றவர்கள் டேப்ரிக்கார்டரும் செண்ட் பாட்டிலும் கொண்டுவந்தார்கள் என்றால், அங்கே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த இவர் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். ஊரே வந்து பார்த்தது. பச்சை எழுத்துதான் வரும், படம் வராது என்று தெரிந்ததும் ஊர் திரும்பிப் போய்விட்டது. நான் பாண்டிச்சேரியில் ஆறு மாதம் கோர்ஸ் படித்து, தங்கக் கலரில் பார்டர் போட்ட சர்டிபிகேட் ஒன்றும் வைத்திருந்தேன். வேலை டைப் அடிப்பது. ரஹீம் பாய் வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம இன்ஜினியர்" என்று அறிமுகப்படுத்துவார். நானும் மறுத்ததில்லை. மெஷின் மக்கர் செய்தால் எனக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டு. ஆஃப் செய்வது, பிறகு ஆன் செய்வது.

ஏழுமலை உப்பளத்தில் மோட்டார் ஓட்டுகிறவர். கிணற்று உப்புத்தண்ணீரைப் பாத்திகளுக்கு இறைத்துவிடும் வேலை. ஐப்பசி மழை தொடங்கினால் உப்பளம் படுத்துவிடும், பொங்கல் வரைக்கும் வேலை கிடையாது. கல்ஃபில் பம்ப் ஆபரேட்டர் வேலைக்கு வெள்ளிக்கிழமை மெட்ராஸில் இண்டர்வியூ என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது. முப்பது வயது தாண்டினால் எடுக்கமாட்டார்கள். அவருக்கு மார்கழியில் முப்பது முடிகிறது.

"போன வருஷம் கையால எழுதிக் குடுத்தேன் சார். வாங்கி அப்டியே அடியில சொருவிட்டான். கம்ப்யூட்டர்ல அடிச்சதுன்னா மேல வெப்பானாம். இதான் சார் கடைசி சான்ஸ்."

திங்கட்கிழமை அவருடைய பயோடேட்டாவை அடித்தேன். தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் உருதுவையும் போடச் சொன்னார். ரஹீம் பாய் போனில் யாரையோ திட்டுவதைக் கேட்டுக் கற்ற நாலு வார்த்தைதான் அவருடைய உருது. போட்டேன். ஃப்ளாப்பியில் ஏற்றிவிட்டு பிரிண்டரைத் தொடும்போது கரண்ட் போனது. கடல் பக்கமிருந்து மழை இறங்கியது. எங்களுடையது ஓட்டுக் கட்டடம், கம்ப்யூட்டருக்கு நேர் மேலே ஒழுகியது.

"யா அல்லா! மூடுங்கப்பா அதை!" என்று ரஹீம் பாய் கத்தினார்.

"நீங்க நவுருங்க சார். மூடுறது எங்க தொழில்," என்றார் ஏழுமலை.

மழைக்கு முன்னால் உப்பு அம்பாரத்தை அவர்கள் மூடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடியில் பாலிதீன், மேலே கீற்று, சுற்றிக் கயிறு. ஒரு சொட்டு உள்ளே போனால் அவ்வளவு உப்பும் தண்ணீராக ஓடிவிடும் அல்லவா? ஏழுமலை உப்புக் கிடங்கிலிருந்து பாலிதீன் கொண்டுவந்து, சூடு ஆறாத கம்ப்யூட்டரை மூன்று சுற்றுச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கி, ஓரமெல்லாம் செங்கல் வைத்தார். கீற்று மட்டும்தான் பாக்கி. "ஒரு சொட்டு போவாது சார்," என்றார். நான் அந்த முடிச்சைப் பாராட்டினேன். ஒரு சொட்டும் போகவில்லை. உள்ளே இருந்த சூடும் ஈரமும் வெளியேயும் வரவில்லை.

மூன்று நாள் மழை. வியாழக்கிழமை காலை வெயில் அடித்ததும் தலையைப் படிய வாரிக்கொண்டு ஏழுமலை வந்து, தானே கட்டை அவிழ்த்தார். பாலிதீனின் உள்பக்கம் இட்லிப் பானை மூடி மாதிரி முத்து முத்தாக வேர்த்திருந்தது. ஆன் செய்தேன். கர்ர்ரென்று ஃப்ளாப்பி சுற்றியது. கடிதம் அடிக்கும் ப்ரோகிராம் திறக்கவில்லை. பதிலுக்கு ஒரு கேள்வி வந்து நின்றது: அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?

"என்னா சார் கேக்குது?"

"விட்டுடலாமா, இன்னொரு தடவை பாக்கலாமா, ஃபெயில் ஆயிடலாமான்னு கேக்குது."

"ஃபெயில் ஆயிடலாமான்னு அதுவே கேக்குதா?"

"ஆமா."

"இன்னொரு தடவை பாருங்க சார்."

பதினோரு தடவை பார்த்தேன். ரஹீம் பாய் பிஸ்மில்லா சொல்லிப் போடச் சொன்னார். போட்டேன். பக்கவாட்டில் ஒன்று தட்டச் சொன்னார். தட்டினேன். "ஊர் பூரா இன்ஜினியர்னு சொல்லி வெச்சிருக்கேனேப்பா," என்றார்.

"பாய், எனக்கு இத தொறக்கவே தெரியாது," என்றேன். அந்த ஊரில் நான் பேசிய முதல் உண்மை அது. காது இரண்டும் சுட்டது.

"தொறக்கறதுக்கு ஸ்க்ரூ டிரைவர் இருந்தா போதும் சார்," என்றார் ஏழுமலை. சைக்கிள் பையிலிருந்து எடுத்தும் வந்துவிட்டார்.

மூடியைக் கழற்றி, குனிந்து முகர்ந்தார். உள்ளே சொருகியிருந்த கார்டுகளில் ஒன்றை மெல்ல இழுத்தார். மஞ்சளாக மின்ன வேண்டிய அதன் பல் வரிசையில் பச்சை பூத்திருந்தது. நகத்தால் அதைச் சுரண்டிப் பார்த்தார்.

"உப்புக் காத்து சார். உள்ளாற வெச்சி அவிச்சிட்டேன். உப்புக்கு மூச்சு வேணாம், இதுக்கு வேணும்போல. நானே என் தலையில மண்ணள்ளிப் போட்டுக்கினேன்."

அவர் கட்டும்போது பக்கத்தில் நின்றவன் நான். சூடு ஆறட்டும் என்று சொல்லியிருக்க வேண்டியவனும் நான்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன். "அத அப்பறம் பாத்துக்கலாம் சார்," என்றார்.

மோட்டார் பாயிண்டைத் தேய்க்கிற உப்புத்தாளை அவர் எடுக்கவும் நான் அலறினேன். ஆறு மாத கோர்ஸில் உருப்படியாக நான் கண்ட ஒரே காட்சி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கே ரப்பரால் துடைத்தார்கள். எதிர்க்கடையில் வாசனை ரப்பர்தான் இருந்தது. நான்கு வாங்கினோம். குழந்தைக்கு மூக்கு துடைப்பதுபோல ஏழுமலை ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். பிறகு கார்டுகளை முற்றத்தில் பேப்பர் விரித்து வெயிலில் வைத்தோம். ரஹீம் பாய் குடையை ஆட்டிக் காக்காய் ஓட்டினார். வெயில் நகர நகர ஏழுமலை பேப்பரை நகர்த்தினார். வெயிலை வைத்து வேலை வாங்குவது அவருக்குப் புதிதல்ல.

நாலு மணிக்குத் திரும்பப் பூட்டினோம். எந்தக் கார்டு எந்த இடம் என்று குறித்துக்கொள்ள வேண்டுமென்று இன்ஜினியருக்குத் தோன்றவில்லை. ஏழுமலைக்கு ஞாபகம் இருந்தது. ஆன் செய்தேன். கர்ர். திறந்துவிட்டது. பச்சையாக அவர் பெயர் வந்து நின்றபோது அவர் அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

"இந்த ரிப்பேரையும் சேத்துக்கலாமா சார்?"

கம்ப்யூட்டர் பராமரிப்பிலும் அனுபவம் உண்டு என்று ஒரு வரி சேர்த்தேன். எத்தனை காலம் என்று போடவில்லை. ஒரு நாள் என்றால் நன்றாக இருக்காது. பிரிண்டர் இரண்டு காப்பியைக் கத்திக் கத்தி அடித்துக் கொடுத்தது.

சனிக்கிழமை அவர் வந்தபோது அதே கவர் கையில் இருந்தது. கசங்கக்கூட இல்லை.

"பேப்பரை பிரிக்கவே இல்ல சார். கைய காட்டுன்னான். காட்டனேன். ரெண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பி, கட்ட வெரலால தேச்சிப் பாத்தான். போதும், செலக்டுன்னுட்டான்."

விழுந்து விழுந்து சிரித்தோம். உப்பு அறுத்து, வெடித்து, காய்ந்து, மறுபடி வெடித்த உள்ளங்கைகள் அவை. பொங்கலுக்கு முன்னால் அவர் கிளம்பிப் போனார். எனக்கு அது பிடிக்கவில்லை. அவரிடம் சொல்லவில்லை. அடுத்த மழையில் கம்ப்யூட்டர் நின்றுபோனது. திறந்து பார்க்க ஆள் இல்லை. ரஹீம் பாய் அந்த இடத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்தார். நான் மெட்ராஸ் வந்து சேர்ந்தேன்.

சில வருடங்களுக்கு முன் ரஹீம் பாய் வீட்டுக் கல்யாணத்துக்காக மரக்காணம் போயிருந்தேன். உப்பளத்தில் பாதி இடத்தில் மனைப்பிரிவுக் கல் நட்டிருந்தார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏழுமலை. கல்ஃபில் இரண்டு வருடம்தான் பம்ப், அதற்கப்புறம் திரும்பி வரும்வரை ஏசி ரூமில் ஸ்டோர்கீப்பராம். மாடி வைத்து வீடு கட்டியிருக்கிறார், பிள்ளைகள் படித்துவிட்டார்கள். அவர் சொல்லிக்கொண்டே போக, நான் என்னையறியாமல் அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். என்னுடையதைப்போலவே மெத்தென்று இருந்தது.

நான் எதைத் தேடுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தக் கைய காட்டனா இப்ப எவனும் எடுக்கமாட்டான் சார்," என்றார்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். நான் அந்தக் கையை விடாமலே எழுந்தேன்.