முள்ளில்லாத வெள்ளிக்கிழமைகள்

நாங்கள் மூன்று நண்பர்கள். மூவருக்கும் மீன் பிடிக்கத் தெரியாது. மீன் விற்கத் தெரிந்தவன் ஒருவன் மட்டும் இருந்தான்.

அவன் லண்டன் அப்டன் பார்க்கில் தமையனோடு சேர்ந்து கடை நடத்துகிறான். மரக்கறிப் பக்கம் தமையனுடையது, மீன் கவுண்டர் இவனுடையது. கடைக்கு வருகிற சனத்தில் அநேகர் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள். வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார்கள். அதனால் கவுண்டர் அன்றைக்குக் கழுவிப் பூட்டிக் கிடக்கும், அவனுக்கும் லீவு. எனக்கு கவுன்சிலில் நான்கு நாள் வேலை, வெள்ளி ஓய்வு. மூன்றாமவன் தோர்ண்டன் ஹீத்தில் பார்மசிஸ்ட், மன்னார்க் கத்தோலிக்கன். சனிக்கிழமை வேலை செய்வதால் அவனுக்கும் வெள்ளி ஓய்வு.

"எங்கட ஆக்கள் வெள்ளியில இறைச்சியை விட்டிட்டு மீன் தேடுவினம். உன்ர கடை அண்டைக்குப் பாத்துப் பூட்டுது. நல்ல வியாபாரமடா!" என்பான் பார்மசிஸ்ட்.

"உனக்கு ஒருத்தனுக்காக ஐஸ் போடேலாது மச்சான்" என்பான் கடைக்காரன்.

தொடக்கி வைத்தது பார்மசிஸ்டின் டொரொண்டோ மச்சான். இடுப்பளவு ஆற்றில் நின்று ஸ்டீல்ஹெட் பிடிக்கும் வீடியோக்களை அவர் அனுப்பிக்கொண்டே இருந்தார். ட்ரவுட் மீன் ஆற்றை விட்டுக் கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய், வளர்ந்து, வெள்ளித் தகடு மாதிரித் திரும்பி வந்தால் அதற்குப் பெயர் ஸ்டீல்ஹெட். லண்டனில் எங்களுக்கு அதற்கு வழியில்லை. எசெக்ஸ் பக்கம், பழைய சரளைக்கல் குழியில் நீர் நிரம்பி உண்டான ஓர் ஏரியில் ட்ரவுட் வளர்த்து விட்டிருந்தார்கள். அங்கே போனோம்.

அங்கே ட்ரவுட் பிடிக்கிற முறையில் புழுவும் இல்லை, ஈயக்குண்டும் இல்லை. தூண்டில் முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி ஒன்று செய்வார்கள். அதற்குப் பாரமே கிடையாது, பாரம் கயிற்றில்தான். கயிற்றைத் தலைக்கு மேலே பின்னும் முன்னுமாக வீசி, பூச்சியைத் தண்ணீரில் வைக்க வேண்டும். எறியக் கூடாது, வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். எதையும் புத்தகத்தில் படித்துவிட்டால் வந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இன்னும் போகவில்லை. நூலகத்தில் இருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்துப் படித்துவிட்டுப் போனேன். நான் முதலில் பிடித்தது என் கோட்டுக் கொலரை.

கடைக்காரனும் எங்களைப் போலத்தான் தொடங்கினான். ஆனால் அவன் அவசரப்படவில்லை. கயிறு பின்னால் நேராக நீளும் வரை காத்திருந்தான். நானும் பார்மசிஸ்டும் சாட்டை அடித்துக்கொண்டு நிற்க, அவனுடைய கயிறு காற்றில் விரிந்து, நீரில் ஒரு வளையம்கூட எழாமல் படுத்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் என் பூச்சியை எத்தனையோ தடவை புல்லில் மறந்திருக்கிறேன்.

இரண்டாவது வருடம், தை மாதக் குளிரில், தூண்டில் கோலின் வளையங்களில் பனி உறைந்து கயிறு ஓட மறுத்த ஒரு காலை. அவன் பெட்டியைத் திறந்து, பூச்சி ஒன்றை எடுத்து, குறட்டால் அதன் முள்ளை வளைவோடு நறுக்கினான். அடுத்ததையும் நறுக்கினான்.

"டேய், விசரே உனக்கு?" என்றான் பார்மசிஸ்ட்.

அவன் நறுக்கி முடித்துவிட்டுத்தான் சொன்னான். மனைவிக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது. முன்பு இரண்டு முறை தங்கிக் கலைந்தது எங்களுக்குத் தெரியும். இந்த முறை அவன் முருகன் கோயிலில் ஒரு நேர்த்தி வைத்திருந்தான்: பிள்ளை பிறக்கும் வரை வெள்ளிக்கிழமையில் தன் கையால் ஓர் உயிரும் போகக் கூடாது. அந்த ஏரியிலோ, பிடித்த மீனைத் திரும்ப விடக் கூடாது என்று சட்டம். பிடித்தால் கொன்றுதான் ஆக வேண்டும். ஆகவே அவனுக்கு இருந்த வழி, பிடிபடாத தூண்டில்.

"அப்ப ஏன் வாறாய்? கோயில்ல போய் இரன்" என்றான் பார்மசிஸ்ட்.

"வீட்டில இருந்தால் அவவின்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருப்பன். எனக்கும் பயம், அவவுக்கும் பயம். இஞ்ச வந்தால் தண்ணியைப் பாக்கலாம்."

"அவவுக்கு நேர்த்தி தெரியுமே?" என்று நான் கேட்டேன்.

"சொல்லேல்லை. சொன்னால், இந்த முறையும் நான் பயந்துபோய் நிக்கிறன் எண்டு நினைப்பா. நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது."

நாங்கள் திறக்கவில்லை.

அந்த வருடம் முழுக்க அவன் முள்ளில்லாமல் வீசினான். பங்குனியில் சின்னக் கறுப்புக் கொசுக்கள் நீரின் மேல்தோலைக் கிழித்து வெளியே வரும், ட்ரவுட் முதுகு தெரிய உருண்டு அவற்றை உறிஞ்சும். சித்திரையில் வேலிப் புதர்களில் இருந்து பூச்சிகள் காற்றில் அடிபட்டு விழும். ஆனியில் இரவு எட்டு மணிக்கும் வெயில் அடிக்கும், மீன் ஆழத்தில் போய்ப் படுத்துவிடும், நாங்கள் கரையில் படுத்துவிடுவோம். அவன் மட்டும் நிழல் விழுந்த மூலையைத் தேடிப் போவான்.

அவனுடைய பூச்சியை மீன் எடுக்கும் கணத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கீழே ஒரு நிழல் அசையும். மெல்ல எழும். வெள்ளை வாய் திறந்து மூடும். பூச்சி மறையும். எங்கள் கையென்றால் அந்த நொடியில் கோலைச் சுண்டும், இழுபறி தொடங்கும். அவன் சுண்டமாட்டான். கோலைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பார்ப்பான். மீன் ஒரு தடவை மென்று பார்த்து, பிழையென்று கண்டு, துப்பிவிட்டுத் திரும்பிப் போகும். "போட்டு வா" என்று மெதுவாக வழியனுப்புவான். ஒரு நாளில் என்னை விடப் பல மடங்கு மீன்கள் அவனிடம் வந்தன. எங்கள் பைகளில் மீன் இருந்தது, அவன் பையில் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி மட்டும் இருந்தது. எனக்கு ஒரு நாளும் அவன்மேல் இரக்கம் வரவில்லை. பொறாமை என்று சொன்னாலும் சரியாக இராது. அவனைப் போல ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டு அவ்வளவு சந்தோசமாக நிற்க எனக்கு ஏலுமா என்று யோசித்திருக்கிறேன்.

முதல் மாதங்களில் அவன் மனைவிக்கு மீன் மணமே ஆகாது. கடையிலேயே குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறுவான். ஆடி மாதம் ஆனதும் அவவுக்குப் பசி திரும்பியது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வழமை போல அவனை இறக்கிவிடப் போன எங்களை மறித்து, முருங்கையிலை வறையும் பருப்பும் சோறும் போட்டுத் தந்தா. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கதிரையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்துகொண்டு கேட்டா.

"மூண்டு பேர் போறியள். ரெண்டு பேரிட்ட மீன் கிடக்கு. இந்த வருசம் இவர் மட்டும் எப்பவும் வெறுங்கை. மீன் வெட்டுறவருக்கு மீன் பிடிக்கிறது மறந்துபோச்சே?"

பார்மசிஸ்ட் சமாளித்தான். "தங்கச்சி, இவனைக் கண்டால் மீனெல்லாம் ஓடுது. தங்கட சொந்தக்காரரை வெட்டினவன் எண்டு அதுகளுக்குத் தெரியும்."

அவ சிரிக்கவில்லை. "எனக்கு மீன் வேணும் அண்ணா. நாக்கு கேக்குது. கடையில இருக்கிற ஐஸ் மீன் வேண்டாம். இவர் பிடிக்கிற மீன்தான் வேணும்."

நான் சோற்றைப் பார்த்தேன். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டதைக் கொடுக்காமல் விடுகிற வழக்கம் எங்கள் சனத்தில் கிடையாது. அவன் மீன் பிடிக்கப் போகிற ஒரே நாளோ, மீன் பிடிக்கக் கூடாத நாள்.

காரடிக்கு வந்த பிறகு பார்மசிஸ்ட் தன் பையை நீட்டினான். "இதைக் கொண்டுபோய் நாளைக்குச் சமைச்சுக் குடு. நீ பிடிச்சது எண்டு சொல்லு."

"பொய் சொல்லிக் குடுத்தால் அது அவ கேட்ட மீனே?"

அதோடு அந்தக் கதை முடிந்தது. இன்னொரு நாள் போவதென்று முடிவாயிற்று. மூவருக்கும் பொதுவாக ஓய்வெடுக்கக்கூடிய இன்னொரு நாள் ஞாயிறுதான், அது மீன் கவுண்டரில் சனம் வரிசையில் நிற்கிற நாள். தமையன் கடை நடுவில் நின்று கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "ஞாயிற்றுக்கிழமை மீன் கடையைப் பூட்டிப்போட்டு மீன் பிடிக்கப் போறானாம்! கேட்டியளே? சனம் என்னட்டக் கத்தரிக்காயே வெட்டித் தரச் சொல்லிக் கேக்கும்?" கத்தி முடித்துவிட்டு, அன்றைக்குத் தானே மீன் வெட்டுவதாகச் சொன்னார். பார்மசிஸ்ட் ஞாயிறுப் பூசையைச் சனி பின்னேரமே கண்டுவிட்டான்.

அது ஆவணிக் கடைசி. நீண்ட கால்களுள்ள பூச்சிகள் புல்லில் இருந்து எழும்பி, பறக்கத் தெரியாமல் ஏரியில் விழும் காலம். ட்ரவுட்டுக்குக் கொண்டாட்டம். கடைக்காரன் புதிய பெட்டியில் இருந்து, முழு முள்ளோடு ஒரு பூச்சியை எடுத்துக் கட்டினான். கயிறு விரிந்தது, பூச்சி படுத்தது, நிழல் எழுந்தது, வாய் மூடியது.

அவன் கோலைத் தாழ்த்திக்கொண்டு பார்த்தான். மீன் துப்பிவிட்டுப் போனது.

"அடேய், சுண்டடா!" என்று கத்தினான் பார்மசிஸ்ட்.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். எட்டு மாதமாகச் சுண்டாமல் நிற்கப் பழகிய கை, முள் இருக்கிறதென்று சொன்னாலும் கேட்கவில்லை. அவன் முகத்தில் ஒவ்வொரு முறையும் அதே வெள்ளிக்கிழமைச் சிரிப்பு தன்பாட்டில் வந்தது, பிறகுதான் நினைவு வந்து முகம் விழுந்தது. மத்தியானம் கடந்தது. அவன் சாப்பிடவில்லை.

"கை போகுதில்லை மச்சான்" என்று என்னிடம் சொன்னான். "கண் பாத்த உடனே கை நிண்டுபோகுது."

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. "அப்ப பாக்காதை. தாழுற பூச்சி ஒண்டைக் கட்டு. கீழ என்ன நடக்குதெண்டு தெரியாது. கயிறு இழுபடுறது மட்டும் விரலுக்குத் தெரியும்."

கட்டினான். நீருக்குள் தாழவிட்டு, விரலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை இழுத்தான். நெடுநேரம் ஒன்றுமில்லை. திடீரென்று கோல் வளைந்தது. பார்க்க எதுவும் இல்லாததால் கை தானாக எழும்பியிருந்தது. மீன் ஒரு முறை நீரை விட்டு வெளியே பாய்ந்து, ஏரிக்குக் குறுக்கே ஓடியது. அவன் ஓடவிட்டான், இழுத்தான், மீண்டும் ஓடவிட்டான். பார்மசிஸ்ட் வலையோடு முழங்கால் தண்ணீரில் நின்றான். சப்பாத்துக் கழற்ற மறந்துவிட்டான்.

வலையில் அது கிடந்தது. பக்கவாட்டில் ரோசாக் கோடு, முதுகெல்லாம் கறுப்புப் புள்ளி. கொல்வதற்கான சின்னக் கட்டையை நான் நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றான். வாரம் முழுக்க மீன் வெட்டுகிறவன் அவன், ஆனால் அவனிடம் வருகிற மீன்கள் எல்லாம் ஐஸில் செத்து வருபவை. உயிரோடு ஒன்று அவன் கையில் கிடந்தது அந்த எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"இண்டைக்கு ஞாயிறுதானே?" என்று கேட்டான்.

"ஓமடா, ஞாயிறுதான்" என்றான் பார்மசிஸ்ட். இந்த முறை அவன் பகிடி விடவில்லை.

ஒரே அடி. பிறகு அவனை மீனோடு விட்டுவிட்டு நாங்கள் சாமான்களைக் கட்டத் தொடங்கினோம்.

மீனை அவனே வெட்டி, மஞ்சளும் உப்பும் தூளும் பிரட்டிப் பொரித்தான். தலையைச் சொதிக்குப் போட்டான். அவ ஒரு துண்டை வாயில் வைத்து நிதானமாக மென்றா. மூவரும் அவவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சப்பெண்டு கிடக்கு" என்றா. பிறகு எங்களுக்கு ஒரு துண்டுகூட வைக்காமல் முழுவதையும் சாப்பிட்டா.

கை கழுவிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்துத்தான் சொன்னா. "தம்பி, இவரின்ர ஜக்கெற்றை நான்தானே தோய்க்கிறனான். பொக்கற்றில பூச்சி கிடக்கும், குத்துமெண்டு பயந்து பயந்து எடுத்தால், ஒண்டிலயும் முள்ளில்லை. மாசிக்கே எனக்கு விளங்கீட்டுது."

கடைக்காரன் சுவரோடு சாய்ந்தான். "அப்ப ஏன் நீர் கேக்கேல்லை?"

"சொல்லாமல் வைச்ச நேர்த்தியை நான் ஏன் கேக்கோணும்? எனக்கும் பயம்தான். ஆனால் நீங்கள் வெள்ளியில்லாத ஒரு நாளைக்கு எண்டாலும் பயமில்லாமல் போட்டு வரோணும் எண்டு நினைச்சன். அதுதான் மீன் கேட்டனான்." பிறகு, "மீனும் வேணும்தான்" என்றா. "வெள்ளிக்கு எல்லாம் பழையபடி. முள்ளை வெட்டிப்போட்டுத்தான் போகோணும். இன்னும் நாள் கிடக்கு."

அவன் அவவின் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனான். தண்ணீர்ச் சத்தம் நெடுநேரம் கேட்டது.

மகள் பிறந்தது ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை. நானும் பார்மசிஸ்டும் ஏரிக்கரையில் நின்றிருந்தோம். தொலைபேசி அடித்தது. எடுத்தால் அவன் குரல் வரவில்லை, பிள்ளையின் அழுகைதான் வந்தது, காது கிழிய. இரண்டு பேரும் தொலைபேசியை நடுவில் பிடித்துக்கொண்டு, குளிரில் தலையோடு தலை முட்டக் கேட்டுக்கொண்டு நின்றோம். எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற பார்மசிஸ்ட் கண்ணைத் துடைத்துவிட்டு, கேட்கத் தெரிந்ததைக் கேட்டான்.

"என்ன நிறையடா பிள்ளை?"

"மூண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட" என்றான் அவன். "நர்ஸ் தராசில வைக்க முதலே நான் கையில ஏந்திப் பாத்துச் சொல்லிப்போட்டன் மச்சான். சரியா இருந்தது."