ஜெபமணி டாக்டரின் ஊசிகளும் என் பொய்யும்

சாலை பஜாரில் என் இரும்புக் கடையைத் திறந்து, முதல் வியாபாரமாக இரண்டு கிலோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜெபமணி டாக்டர் போய்விட்டார். பேசியது அவர் மகன். "சரி" என்று வைத்துவிட்டு மீதி ஆணியையும் நிறுத்துக் கொடுத்தேன். என்ன எடை போட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவரை அறிந்த நீங்கள் எல்லாரும் புகழ்ந்து எழுதுவீர்கள். எழுதுங்கள், தகும். நான் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், பெருங்குடலில் கட்டி என்று எனக்கு ஆபரேஷன் ஆனது. கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். மூக்கில் குழாய், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. குடல் மறுபடி வேலை செய்து காற்று பிரிந்தால்தான் கஞ்சித் தண்ணீர் தருவார்கள். தினமும் காலையில் மலையாளத்து நர்ஸ், வார்டு முழுக்கக் கேட்கும்படி, "அண்ணாச்சீ, கேஸ் போயோ?" என்பார். என் சம்பந்தி பழக்கூடையோடு உட்கார்ந்திருக்கும்போதும் கேட்பார். மானம் போனதே தவிர வேறெதுவும் போகவில்லை.

இதற்கு அக்குபஞ்சர் உதவுமா என்று பார்க்க, பெரிய டாக்டர் அரைமனதாக ஜெபமணி டாக்டரை வார்டுக்குள் விட்டிருந்தார். குழித்துறைப் பக்கத்துக்காரர். முழங்காலுக்குக் கீழே, கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே என்று மெல்லிய ஊசிகளை வைத்து, இருபது நிமிடம் பக்கத்திலேயே நின்று மெதுவாகத் திருகுவார். நான் வியாபாரி, "இது பலிக்குமா டாக்டர்?" என்று நேராகவே கேட்டேன். "சிலருக்குச் சீக்கிரம் குடல் எழும்புது அண்ணாச்சி. சிலருக்கு ஒண்ணும் இல்ல. ஏன்னு கேட்டா எனக்கும் தெரியாது" என்றார். தெரியாது என்று சொன்ன டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்தப் பிடித்தம்தான் வினை. மூன்றாம் நாள் ஊசிகளை எடுத்துவிட்டு, "போச்சுதா அண்ணாச்சி?" என்று அவர் கேட்டபோது, அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால், நன்றாயில்லை என்றா சொல்வோம்? "போச்சு டாக்டர், ரெண்டு தடவை" என்றேன். அந்த ரெண்டு தடவை எதற்கு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மனிதர் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினார்.

குழாயை எடுத்தார்கள். மறுநாள் காலை கஞ்சித் தண்ணீர் வந்தது. மதியத்துக்குள் வயிறு பானையாக வீங்கி, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்து, குழாய் மறுபடி மூக்கில் ஏறியது. பெரிய டாக்டர் என் கட்டிலருகிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். "கேஸ் போயின்னு எழுதினது நிங்களல்லே? இந்த பேஷண்டோட நிர்த்திக்கோ இந்தப் பரிபாடி!" இந்த ஊசி வேலையை என்னோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமாம். அந்த வார்டில் அவருடைய கடைசி நோயாளி நான்தான் என்று ஆயிற்று.

நான் பேசியிருக்க வேண்டும். குழாய் மூக்கில்தானே இருந்தது, நாக்கிலா? ஜெபமணி டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்க தப்புதான் சார். வயித்துல ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேட்டுட்டு எழுதியிருக்கணும்" என்றார். நான், பாவி, கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தேன்.

மறுநாள் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். ஆறாம் நாள், ஊசிகள் காலில் இருக்கும்போதே, வார்டே கேட்கும்படி நிஜமாகவே போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. "டாக்டர்..." என்றேன். "கேட்டுது அண்ணாச்சி" என்றார். இதுதான் முதல் தடவை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. அதன்பிறகு அவரை அந்த வார்டில் யாரும் பார்க்கவில்லை.

என் பொய் அவருக்குத் தெரியுமா? ஊசிதான் என் குடலை எழுப்பியதா, இல்லை ஆறு நாளானால் அது தானே எழும்பியிருக்குமா? இத்தனை வருடமும் கடையில் உட்கார்ந்து குழம்பியிருக்கிறேன். சாலைப் பக்கம் வரும்போதெல்லாம் கடைக்குள் வந்து, "வயிறு சுகம்தானே?" என்று விசாரிப்பார். டீ வாங்கிக் கொடுப்பேன். மற்றதெல்லாம் பேசுவோம், இதைத் தவிர.

அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, அவியளுக்க ஊசிதானே உங்கள எழும்ப வச்சுது?" என்று கேட்டார். அந்த முகத்துக்கும் ஆமாம் என்று சொல்லத்தான் வாய் போனது. "தெரியல்லம்மா" என்றேன். மூன்றாம் நாள் சொன்ன பொய்யையும் சொன்னேன். "வார்டுக்கு இனி வரண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு ஒரு நாள் வந்து சொன்னாவ. ஏன்னு கேட்டேன், சொல்லல்ல" என்றார். பிறகு என் கையை விட்டுவிட்டு உள்ளே போனார்.

டாக்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். எனக்காகத் திட்டு வாங்கிய மறுநாள் காலை என் காலில் ஊசி வைத்த அந்தக் கை. முந்தின நாளைவிட அது கொஞ்சம்கூட அழுத்திக் குத்தவில்லை.